எண்ணெயின் பக்கம் பேசியவள்

போன மாதம் நிமல் தொலைபேசியில் அழைத்தான். நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்துக்கு இப்போது அவன்தான் தலைவர். பெரிய பதவி, தனி அறை, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஆனாலும் எனக்கு அவன் மல்லிதான், சிங்களத்தில் தம்பி. அவனுக்கு நான் அக்கா. கொலன்னாவையில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த சிங்களப் பையன் என்பதால் தமிழ் தடையில்லாமல் வரும். இலக்கணம் மட்டும் அவ்வப்போது லீவு எடுக்கும்.

“அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். அந்தப் பத்து மணித் தேத்தண்ணி இருக்குதானே, அதை நிப்பாட்டினா உங்களுக்கு மனவருத்தமா?”

“ஏன் மல்லி, சீனி விலை கூடிப்போச்சோ?”

“பகிடி விடாதீங்க அக்கா. புது மெஷின் எல்லாம் தானே சொல்லுது. எல்லைக்குள்ள இருந்தா பாஸ், இல்லாட்டி ஃபெயில். ஓடிட் பரிசோதனைக்கு வந்தவங்க கேக்கிறாங்க, பத்து மணிக்கு எல்லாரும் சுத்தி இருந்து என்ன செய்யிறீங்க, இது எந்தப் புரொசீஜர்ல இருக்கு எண்டு. நான் என்ன சொல்லுற?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களிடம் யோசிக்கச் சொல்லி எதையும் கேட்கக்கூடாது. வேறு வேலை இல்லாததால் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கிவிடுவோம்.

அந்தப் பத்து மணித் தேநீர் என்னவென்று சொல்வதற்கு முன், நான் செய்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும்.

நான் கொழும்பு வெள்ளவத்தைக்காரி. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் ஆசிரியை கரும்பலகையில் மெதேன், எதேன், புரொப்பேன் என்று வரிசையாக எழுதி, இதற்குப் பெயர் அமைப்பொத்த தொடர் என்றார். ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரைவிட ஒரு காபனும் இரண்டு ஐதரசனும் கூடியவர். குணம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று. கொதிநிலை மட்டும் படிப்படியாக ஏறும். பரீட்சைக்குப் பாடமாக்கினேன். பல்கலைக்கழகத்தில் இன்னும் கொஞ்சம் பாடமாக்கினேன். பிறகு கிருலப்பனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்து, எண்ணெய்ப் பகுதியில் போட்டார்கள். அங்கேதான் பாடமாக்கியது உயிரோடு முன்னால் வந்து நின்றது.

தேங்காய் எண்ணெய்க்குள் ஒரு தொடர் இருக்கிறது. கொழுப்பமிலங்களின் தொடர். ஆறு காபன், எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று இரண்டிரண்டாக ஏறிக்கொண்டு போவார்கள். எண்ணெயைப் பக்குவப்படுத்தி ஜீ.சீ. என்ற மெஷினுக்குள் ஒரு துளி ஏற்றினால், உள்ளே சுருண்டு கிடக்கும் நீளமான குழாய்க்குள்ளால் ஆவியாகி ஓடி, சின்னவர் முதலிலும் பெரியவர் கடைசியிலுமாக வெளியே வருவார்கள். ஒவ்வொருவரும் வரும்போது காகிதத்தில் ஒரு முகடு எழும். ஆள் எவ்வளவு இருக்கிறாரோ அவ்வளவு உயரம். அந்த முகடுகளை வாசிப்பதுதான் நான் தலை நரைக்கும்வரை செய்த வேலை.

எங்கள் இடத்தில் அவர்களுக்குப் பட்டப்பெயர்களும் இருந்தன. ஆறு, எட்டு, பத்து காபன்காரர்கள் மூவரும் ‘ஆடுகள்’. ஆட்டுக்கிடாய் மணம் அவர்களுடையது. போத்தலைத் திறந்து முகர்ந்தவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு காபன் கொண்ட லோரிக் அமிலம் ‘வீட்டுக்காரர்’. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி இடம் அவருக்கு. பதினான்கு காபன் மிரிஸ்டிக் ‘பக்கத்து அறைக்காரர்’. பதினாறும் பதினெட்டும் ‘விருந்தாளிகள்’. நல்ல தேங்காய் எண்ணெயிலும் விருந்தாளிகள் கொஞ்சம் இருப்பார்கள். பாம் எண்ணெய் கலந்தால் அவர்கள் படையாக வந்து இறங்கிவிடுவார்கள்.

இனி அபேகோன் சேர். எங்கள் தலைமை இரசாயனவியலாளர். ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டின் மேல்பட்டன்வரை பூட்டியிருப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். சாதாரண நாளில் நான் ‘இந்திராணி’. ‘மிஸ் இந்திராணி’ என்றால் எங்கேயோ பிழை. ‘மேடம்’ என்று கூப்பிட்டால் நேரே போய் எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து தொடங்குவதுதான் புத்தி. எங்களோடு ஆங்கிலத்தில் கதைப்பார். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, பெயரை மறைப்பது. சுகாதாரப் பரிசோதகர் கடைகளிலிருந்து கொண்டுவரும் போத்தலின் லேபலை அவரே கழற்றித் தன் மேசைக்குள் பூட்டிவிட்டு, ஒரு இலக்கத்தை ஒட்டித் தருவார். “எண்ணெய்க்குச் சொந்தக்காரர் இல்லை” என்பார். அதன் அருமை எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது. இந்த ஊரில் ஒரு பெயர் தெரிந்தால் போதும். ஆள் யார், எந்தத் தெரு, கோயிலா பள்ளிவாசலா பௌத்தர்களின் பன்சாலையா என்று எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கண் தானாகவே ஒரு பக்கம் சாயும். சாயவில்லை என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

இரண்டாவது வழக்கம்தான் அந்தத் தேநீர். ஒரு எண்ணெய் தவறிவிட்டது என்று எங்களில் யாராவது முடிவு கண்டால், அதை எழுத முன்னம், அடுத்த நாள் பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் கூட வேண்டும். கண்டவர் தன் வரைபடத்தை வைத்துக் குற்றத்தைச் சொல்வார். இன்னொருவர், முறை வைத்து மாறிமாறி, எண்ணெயின் பக்கம் பேச வேண்டும். ‘எண்ணெய்க்கு வக்கீல்’ என்று நாங்கள் சொல்வோம். மனம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் அன்றைக்கு அவர் எண்ணெயின் ஆள். அபேகோன் சேர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி ‘ஹரி, கியன்ன’ என்பார். சரி, சொல்லும் என்று அர்த்தம். அவர் சிங்களத்துக்கு மாறுவது அந்த ஒரு இடத்தில்தான்.

பெரும்பாலும் வக்கீல் தோற்பார். பாம் எண்ணெயை ஊற்றிவிட்டு வந்தவனுக்காக எவ்வளவு நேரம் வாதாடுவது? நாங்கள் சிரிப்போம், பிஸ்கட் முடியும், அறிக்கை எழுதப்படும்.

தேங்காய் எண்ணெயில் கலப்படம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலத்தில் அந்தப் போத்தல் வந்தது. சாதாரணப் போத்தல், உள்ளே எண்ணெய் கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக இருந்தது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து ஆள் ஆகிக்கொண்டிருந்த நிமல் அதைப் பார்த்தான். பத்து மணிக்கு வரைபடத்தை விரித்தான். வீட்டுக்காரர் எல்லைக்குக் கீழே. ஆடுகள் மெலிந்து கிடந்தன. விருந்தாளிகள் கூடியிருந்தார்கள். அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

“பாம் எண்ணெய், சேர். சந்தேகமே இல்லை.”

அன்றைக்கு வக்கீல் நான்.

எண்ணெயின் பக்கம் பேசுகிறவர் முதலில் பிடிப்பது செய்முறையைத்தான். எங்கள் அறை குளிரூட்டியது. தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் உறையத் தொடங்கும், அதுவும் ஒரே சீராக உறையாது. பாதி உறைந்த போத்தலில் மேலே இருக்கும் இளகிய பகுதியை உறிஞ்சி எடுத்தால், வீட்டுக்காரரில் ஒரு பங்கு கீழே கட்டியாக இருந்துவிடும். விருந்தாளிகள் கூடி வருவார்கள். நல்ல எண்ணெயும் களவு எண்ணெயாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் வழுக்குவார்கள்.

“போத்தலை முழுக்க உருக்கிக் குலுக்கினதோ மல்லி?” என்று கேட்டேன்.

“உருக்கினேன் அக்கா. அடியில ஒரு பொட்டும் இல்லை.”

“மிஸ்டர் நிமல் சொல்வதை நம்புவோம்,” என்றார் அபேகோன் சேர். நிமல் வெளிறிப் போனான். “நம்பிவிட்டு, மிஸ் இந்திராணி திரும்பச் செய்வார்.”

திரும்பச் செய்தேன். போத்தலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, அடிக்கட்டி கரைந்து கண்ணாடி போல ஆகும்வரை காத்திருந்து, கவிழ்த்துக் குலுக்கி, சில துளி எடுத்து, காரம் கலந்த மெதனோலில் சூடாக்கி, ஹெக்சேன் ஊற்றி, மேலே பிரிந்து நின்ற படையிலிருந்து ஊசியில் ஏற்றி, மெஷினுக்குள் விட்டேன். நிமல் சொன்னது சரி. அதே வரைபடம்தான் வந்தது.

சரி, தோற்ற வழக்கு என்று நினைத்து, அபேகோன் சேர் பழக்கியபடி எண்களை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு முகடுகளை மட்டும் பார்த்தேன். ‘முதலில் குடும்பத்தைப் பார், கணக்கு எங்கேயும் ஓடாது’ என்பது அவர் பாடம். பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறுத்தியது. வீட்டுக்காரர் மெலிந்திருக்கிறார். ஆனால் பக்கத்து அறைக்காரர் மிரிஸ்டிக் அசையவே இல்லை. நல்ல தேங்காய் எண்ணெயில் எப்படி நிற்பாரோ அப்படியே நிற்கிறார்.

இது நடக்கக்கூடாத காரியம். குழம்புக்குள் தண்ணீர் விட்டால் உப்பும் குறையும், புளியும் குறையும். உப்பு மட்டும் குறைந்து புளி அப்படியே இருக்காது. பாம் எண்ணெயில் லோரிக்கும் இல்லை, மிரிஸ்டிக்கும் இல்லை என்றே சொல்லலாம். அதை ஊற்றினால் இருவரும் ஒரே அளவில் இறங்க வேண்டும். இங்கே ஒருவர் இறங்கி மற்றவர் இறங்காமல் இருக்கிறார் என்றால், இது ஊற்றிக் கலந்த எண்ணெய் அல்ல. மிரிஸ்டிக்கை மட்டும் தனியே விலைக்கு வாங்கி ஈடுகட்டிக் கலப்படம் செய்ய எந்தக் கடைக்காரனுக்கும் பைத்தியம் இல்லை.

அப்படியானால் என்ன எண்ணெய்? எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் ‘எதிலிருந்து ஆட்டினீர்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும். ஆனால் லேபல் மேசைக்குள் பூட்டிக் கிடந்தது. கேட்டுப் பார்ப்போமா என்று அபேகோன் சேரிடம் போனேன்.

“மேடம்,” என்றார், “இன்றைக்கு நல்ல எண்ணத்தோடு அந்த மேசையைத் திறந்தால், நாளைக்கு இன்னொருவர் கெட்ட எண்ணத்தோடு திறப்பார். எண்ணெயிடமே கேளுங்கள்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவரைக் காப்பாற்றுவதற்காக வைத்த மறைப்பு அவரையே விழுத்தப் பார்க்கிறது, இந்த மனிதர் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டு இருக்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன். அறிக்கை போக வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. தவறியது என்று போனால் அந்த இலக்கத்துக்குப் பின்னால் இருக்கும் யாரோ ஒருவரின் கடை அத்தோடு சரி. தண்டப்பணம் கட்டி மீளலாம். கள்ள எண்ணெய் விற்றவன் என்ற பெயரிலிருந்து இந்தக் கொழும்பில் மீள முடியாது.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போனால், அங்கே என் கணவர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் திருவலை அவருடையது. வங்கியில் வேலை பார்த்தவர், எதையும் வீணாக்க மனம் வராது. சிரட்டை தெரியும்வரை திருவுவார்.

“அடியை ஒட்டித் திருவாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? அந்தக் கறுத்தத் தோலும் சேர்ந்து விழுகுது. சொதி நிறம் மாறுது.”

“தேங்காய் விக்கிற விலைக்கு அடியை எறியச் சொல்லுறீரோ? அதுவும் தேங்காய்தானே.”

அதுவும் தேங்காய்தானே. நான் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளைப் பருப்புக்கும் சிரட்டைக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்புத் தோலிலும் எண்ணெய் இருக்கிறது. உலர்தேங்காய்த் துருவல் செய்யும் ஆலைகளில் அந்தத் தோலைச் சீவித் தள்ளிவிடுவார்கள். வெள்ளை வெளேரென்று துருவல் வேண்டுமே. அந்தச் சீவலைப் பாரிங் என்பார்கள். அதை மலிவாக வாங்கிக் காயவைத்து ஆட்டுகிற சின்ன மில்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தத் தோலின் எண்ணெய்க்குள் குடும்பம் எப்படி இருக்கும் என்று மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்களில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் எல்லைகள் எல்லாம் வெள்ளைப் பருப்புக்குப் போட்ட எல்லைகள்.

வீட்டில் இருந்த தேங்காய்களை எல்லாம் உடைத்து, கத்தியால் தோலைச் சீவி எடுத்தேன். மிச்சப் பருப்பை வீணாக்க என் கணவர் விடவில்லை. அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் சம்பலும் சொதியும்தான். சீவலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அடுப்பில் உலர்த்தி, எண்ணெயைப் பிரித்தெடுத்து, மெஷினுக்குள் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஆடுகள் மெலிந்து வந்தன. வீட்டுக்காரர் மெலிந்து வந்தார். பக்கத்து அறைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். விருந்தாளிகள், அதிலும் பதினெட்டுக் காபன்காரர்கள், தாராளமாக வந்தார்கள். போத்தலின் வரைபடத்தை மேலே வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். என் வீட்டு எண்ணெயில் அதே மெலிவும் அதே பெருக்கமும் இன்னும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தன, அவ்வளவுதான். போத்தலில் இருந்தது கொப்பரை எண்ணெயும் பாரிங் எண்ணெயும் சேர்ந்தது. அன்னிய எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு அபேகோன் சேரிடம் ஓடினேன்.

அபேகோன் சேர் எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது உமது வீட்டுத் தேங்காயா?”

“ஓம் சேர்.”

“அப்படியென்றால் எங்கள் எல்லைப்படி உமது வீட்டுத் தேங்காயும் கலப்படம்.” சிரிக்காமல் சொன்னார். “ஒரு வீட்டுத் தேங்காய் சாட்சிக்குப் போதாது, இந்திராணி. இன்னும் வேண்டும்.”

பரிசோதகரிடம் தவணை கேட்டுக் கடிதம் எழுதினார். பிறகு அவரே பஸ் ஏறிக் குருணாகல் பக்கம் போய், வெவ்வேறு ஆலைகளில் பாரிங் வாங்கிப் பைகளில் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட் இல்லாமல், வியர்த்து, தோளில் பையோடு அவர் படியேறி வந்ததை நான் மறக்கவில்லை. நிமலும் நானும் பங்கு போட்டுச் செய்தோம். தான் குற்றம் சாட்டிய எண்ணெயின் பக்கத்தை நிரூபிக்க நிமல் என்னைவிட மும்முரமாக நின்றான். எல்லாப் பையும் ஒரே கதையைத்தான் சொன்னது.

சண்டை வந்தது அறிக்கை எழுதும்போதுதான். அபேகோன் சேர் இரண்டு வரி எழுதினார். ‘இந்த மாதிரி தேங்காய் எண்ணெய்க்கான எல்லைகளுக்கு அமையவில்லை.’ அடுத்த வரி: ‘வேறு எண்ணெய் கலந்தமைக்கு அறிகுறி இல்லை, தேங்காயின் தோல் எண்ணெய் சேர்ந்திருப்பதால் இவ்வாறு அமையலாம்.’

“முதல் வரியை எடுத்துவிடுங்கோ சேர்,” என்றேன்.

“அது உண்மைதானே.”

“அப்ப ரெண்டாவதை முதல் போடுங்கோ. ஆக்கள் முதல் வரியைத்தான் வாசிப்பினம்.”

“பரிசோதகர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். எல்லைக்கு அமைகிறதா? அந்தக் கேள்விக்குப் பதில் முதலில். அவர் கேட்காதது அடுத்தது. கேட்ட கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்குப் பிடித்த பதிலை முன்னால் போட்டால், நாங்களும் வக்கீல்தான். தேநீர் முடிந்துவிட்டது, இந்திராணி.”

அறிக்கை அப்படியே போனது.

வழக்கு நாளில் ஏதும் கேட்பார்களோ என்று அபேகோன் சேருக்கு அழைப்பு வந்தது. வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போய் நீதவான் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அங்கேதான் முதன்முதலில் அந்த எண்ணெயின் சொந்தக்காரரைக் கண்டேன். என்னைவிட இளைய, முக்காடு போட்ட ஒரு பெண். ஜெஸீமா என்று பெயர் கூப்பிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் கடை, பின்னால் சிறிய மில். பக்கத்தில் அவளுடைய தகப்பன், தொப்பி அணிந்த பெரியவர், நிலத்தைப் பார்த்தபடியே நின்றார். பரிசோதகர் அறிக்கையின் முதல் வரியை உரத்து வாசித்தார். பெரியவரின் கை முன்னாலிருந்த கம்பியைப் பிடித்தது. பிறகு அவர்களுடைய வக்கீல் எழுந்து, அதே தாளில் இரண்டாவது வரியை இன்னும் உரத்து வாசித்தார். நீதவான் தாளை வாங்கித் தானே வாசித்தார். பாரிங் கலந்தது என்று இனி லேபலில் போட வேண்டும் என்று எச்சரித்து விடுதலை செய்தார். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே அவர்கள் வக்கீலைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை பேசலாம் என்று நான் ஓரடி வைத்தேன்.

“எண்ணெய்க்குச் சொந்தக்காரர் இல்லை,” என்றார் அபேகோன் சேர். நான் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

அபேகோன் சேர் பிறகு ஓய்வு பெற்றார். சில வருடங்களில் காலமானார். நானும் வேலையை விட்டுக் கன காலம். இதையெல்லாம் நிமலின் கேள்விதான் கிளறிவிட்டது. அதுமட்டும் என்றால் கிளறியதோடு நின்றிருக்கும். போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதியின் புது வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு கடை வாசலில் ‘தேங்காய் எண்ணெய் – பாரிங் கலந்தது’ என்று பலகை கண்டேன். கால் தானாகவே உள்ளே போனது.

அவள்தான். முகம் கொஞ்சம் பருத்திருந்தது; முக்காட்டுக்குள் நரை. என்னை அவளுக்குத் தெரியாது.

“வாங்க அக்கா. என்னத்துக்கு எண்ண, பொரிக்கவா?”

“பொரிக்கத்தான். பாரிங் எண்டு போட்டிருக்கிறீங்கள். ஆக்கள் வாங்குறவையோ?”

“தெரிஞ்சவங்க வாங்குவாங்க. தெரியாதவங்க கலப்படம்டு நெனச்சிப் போயிடுவாங்க.” ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள். “மணந்து பாருங்க. என்ன எண்ண இது?”

முகர்ந்தேன். எத்தனையோ வருடம் மெஷின் வழியாகப் பார்த்ததை முதன்முதலாக மூக்கால் பார்த்தேன்.

“தேங்காய்தான்,” என்றேன்.

“இந்த ஒரு சொல்ல அண்டைக்கி லேப் ஆக்கள் செல்லல்லயே அக்கா. அவங்க ஃபெயில்டு எழுதினாங்க. எங்கட வக்கீல்தான் வாதாடி எடுத்தார். கேஸ வென்டு என்னா பிரயோசனம், வாப்பா அதுக்குப் பொறகு கடைக்கி எறங்கல்ல. தெருவால போறவன் கள்ள எண்ணக்காரன்டு பார்ப்பான்டு அவருக்கு. லேப்ல படிச்ச ஆக்களே அப்பிடிச் சென்னா, மத்தவன் என்னத்தச் செல்ல மாட்டான்டு கேப்பார்.”

இரண்டாவது வரியும் எங்களுடையதுதான். நான் சீவிய தோல், அபேகோன் சேர் பஸ்ஸில் தூக்கி வந்த பைகள், நிமல் பார்த்த வரைபடங்கள், எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தன. அது வக்கீலின் வாயால் வந்ததால் வக்கீலுடையதாகிவிட்டது. முதல் வரி மட்டும் எங்கள் பெயரில் நின்றுவிட்டது. சேர் செய்தது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் சரி முடிந்த இடத்தில் எங்கள் வேலை முடியவில்லை என்பது அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது.

“வாப்பா இருக்கிறாரோ?”

“மேல ஈக்கிறார். ஏன் அக்கா?”

“நான் அந்த லேப்பில வேலை செய்தனான். உங்கட எண்ணெயைப் பார்த்தது நான். அந்த ரெண்டாவது வரி நாங்கள் எழுதினது.”

ஜெஸீமா என்னை நம்பலாமா என்பது போலப் பார்த்தாள். பிறகு கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னை மேலே கூட்டிப் போனாள்.

பெரியவர் ஜன்னல் ஓரக் கதிரையில் இருந்தார். தெருவைப் பார்க்கிற ஜன்னல், பாதி சாத்தியிருந்தது. மகள் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னாள். அவர் என்னை இருக்கச் சொல்லிக் கை காட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேபல் மறைப்பது, தேநீர், எண்ணெயின் பக்கம் ஒருவர் பேசுவது, வீட்டுக்காரர் மெலிந்தும் பக்கத்து அறைக்காரர் அசையாமல் நின்றது, என் கணவரின் திருவலை வரைக்கும் சொன்னேன். இரசாயனம் அவருக்கு விளங்குமோ என்று யோசித்தேன். அரைவாசி வாழ்க்கையை எண்ணெயோடு கழித்தவர், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“எங்களுக்காக ஒரு ஆள் கதைச்சா அங்க?”

“உங்களுக்காக எண்டு தெரியாது. எண்ணெய்க்காகக் கதைச்சனான்.”

“நீங்க முஸ்லிம் கடைன்டு தெரியாமலா கதைச்ச?”

“யாரின்ர கடை எண்டே தெரியாது, ஐயா.”

அவர் மகளிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். அவள் உள்ளே போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அது தேங்காய்ன்டு எனக்கி எப்பவும் தெரியும் மகள். ஒங்களுக்கும் தெரியும்ன்டது மட்டும்தான் இவ்வளவு காலமும் எனக்கித் தெரியாம ஈந்த.”

சொல்லிவிட்டு எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, ஜன்னலின் மற்றப் பாதியையும் திறந்தார். கீழே தெருவில் யாரோ அவருக்கு சலாம் சொன்னார்கள். அவர் பதில் சொன்னார். நாங்கள் இருவரும் தேநீர் குடித்தோம்.

வீட்டுக்கு வந்து நிமலுக்கு அழைத்தேன். அந்தப் பத்து மணித் தேநீரை நிறுத்த வேண்டாம் என்றேன். அறிக்கை போய் வழக்கும் முடிந்த பிறகு, மேசையைத் திறந்து பெயரை எடுத்து, எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டு, அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொன்னேன்.